பீமா சகி திட்டத்தில் எல்ஐசி முகவராகச் சேரலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கேள்வி கேட்டவர்: சுங்குடி வீடு, சின்னாளப்பட்டி

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 36. பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். கணவர் சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறார். நான் வீட்டில் ஜாக்கெட் தைக்கிறேன். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் வேலை வந்தால் அதையும் செய்வேன். தையலில் மாதம் ஐயாயிரம் ரூபாய் வரும், தீபாவளி, பொங்கல் மாதங்களில் எட்டாயிரம்கூட வரும். மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் ஐந்தாம் வகுப்பு.

போன வாரம் எங்கள் மகளிர் குழுக் கூட்டத்துக்கு எல்ஐசியின் வளர்ச்சி அதிகாரி ஒருவர் வந்திருந்தார். பீமா சகி என்று பெண்களுக்கான திட்டம் இருக்கிறதாம். முகவராகச் சேர்ந்தால் முதல் ஆண்டு மாதம் 7,000 ரூபாய், இரண்டாம் ஆண்டு 6,000, மூன்றாம் ஆண்டு 5,000 உதவித்தொகை. கமிஷன் தனி. பத்தாம் வகுப்பு படித்திருந்தால் போதும். குழுவில் மூன்று பேர் அங்கேயே பெயர் கொடுத்துவிட்டார்கள். நான் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

பழனியில் இருக்கும் என் அண்ணன் எட்டு வருடமாக முகவராக இருக்கிறார். அவரிடம் கேட்டதற்கு, "வீடு வீடாக நடக்க முடியும் என்றால் வா, இல்லையென்றால் வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். மாமியாரோ, "இன்சூரன்சுக்குப் போகிறாள் என்று தெரிந்தால் சொந்தக்காரர்கள் நம்மைக் கண்டதும் கதவைச் சாத்துவார்கள்" என்கிறார்.

தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டுக்குக் கூலி கேட்கவே எனக்கு வாய் வராது. என்னைப் போன்றவளுக்கு இந்த வேலை சரிப்படுமா? உண்மையில் கையில் எவ்வளவு நிற்கும்? தையலை விட்டுவிட வேண்டியிருக்குமா? ஒளிக்காமல் சொல்லுங்கள்.

பதில் 1: மணப்பாறை முகவர்

சகோதரி, நான் 2003-இல் முகவரானேன். அப்போது நூறு மணி நேரப் பயிற்சி கட்டாயம். இப்போது 25 மணி நேரம்தான். பிறகு ஐம்பது கேள்விகளுக்கு ஒரு மணி நேரத் தேர்வு, 35 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. தமிழிலேயே எழுதலாம். பன்னிரண்டாவது படித்த உங்களுக்குத் தேர்வைப் பற்றிக் கவலை வேண்டாம். கவலைப்பட வேண்டியவை வேறு.

முதலில் பணம். அந்த 7,000 ரூபாயைச் சம்பளம் என்று நினைத்துவிடாதீர்கள். இது வேலை நியமனம் அல்ல, நிபந்தனையோடு வருகிற உதவித்தொகை. ஓர் ஆண்டில் 24 பேருக்குப் பாலிசி போட்டிருக்க வேண்டும். அடிப்படைக் கமிஷனுக்கு மேல் தரும் போனஸ் கமிஷனைச் சேர்க்காமல் முதலாண்டுக் கமிஷன் 48,000 ரூபாய் வந்திருக்க வேண்டும். அதாவது ஒரு பாலிசிக்குச் சராசரியாக 2,000 ரூபாய் கமிஷன். அடிப்படைக் கமிஷன் 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொருவரும் ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய் கட்டுகிறவராக இருக்க வேண்டும். சாயப்பட்டறையிலும் தறியிலும் வாரக்கூலி வாங்கும் தெருவில் அப்படி 24 வீடுகள் இருக்கின்றனவா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இரண்டாம் ஆண்டில் இன்னொரு நிபந்தனையும் சேரும். முதல் ஆண்டில் போட்ட பாலிசிகளில் 65 சதவீதமாவது நடப்பில் இருந்தால்தான் 6,000 ரூபாய் வரும். என்னைக் கேட்டால், திட்டத்திலேயே நல்ல நிபந்தனை இதுதான். மார்ச் மாத இலக்குக்காக யாரையாவது பிடித்துப் போட்ட பாலிசி அடுத்த மார்ச்சில் நிற்காது.

கமிஷன் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2024 அக்டோபருக்கு முன்பு நீண்டகால என்டோமென்ட் பாலிசிக்கு (சேமிப்பும் காப்பீடும் சேர்ந்தது) முதல் ஆண்டில் போனஸ் கமிஷனும் சேர்ந்து 35 சதவீதம் வரை கிடைத்தது. அதன் பிறகு அது 28 ஆகியது. பின்னால் ஒவ்வொரு ஆண்டும் பிரீமியம் கட்டும்போது வரும் புதுப்பித்தல் கமிஷன் 5 சதவீதத்திலிருந்து 7.5 ஆக உயர்ந்தது. ஆண்டுக்கு 24,000 ரூபாய் பிரீமியம் உள்ள பாலிசி பன்னிரண்டு போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்தப் பிரீமியம் 2,88,000. அதில் 28 சதவீதம் 80,640 ரூபாய். மாதத்துக்கு 6,720. இதில் பெட்ரோல், போன், நகல் எடுக்கும் செலவு எல்லாம் உங்களுடையது. அடுத்த ஆண்டு பன்னிரண்டு பேரும் கட்டினால் 21,600 ரூபாய். ஆறு பேர் நிறுத்திவிட்டால் 10,800. முதல் ஆண்டுப் பணத்தைப் பார்த்து மயங்குகிறவர்கள் இரண்டாம் ஆண்டில் இந்தத் தொழிலை விட்டுப் போவது இதனால்தான்.

எனக்கு இன்று வருவதில் பெரும்பகுதி பழைய பாலிசிகளின் புதுப்பித்தல் கமிஷன்தான். அது வந்து சேர எட்டு ஆண்டுகள் ஆயின. அந்த எட்டு ஆண்டுகளும் என் மனைவியின் சத்துணவு வேலைச் சம்பளத்தில்தான் குடும்பம் நடந்தது. ஆகவே தையல் இயந்திரத்தைத் தயவுசெய்து ஓரம் கட்டாதீர்கள். மூன்று ஆண்டுகளாவது இரண்டும் நடக்கட்டும்.

இதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். இதை நான் எங்கும் எழுதியதில்லை.

தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டு, மார்ச் மாதக் கடைசி. எனக்கு இலக்கில் இரண்டு பாலிசி குறைந்தது. பழக்கமான தேநீர்க்கடைக்காரர் ஒருவர், வயது 41, சம்மதித்தார். கடை பெஞ்சில் உட்கார்ந்து படிவத்தை நான்தான் நிரப்பினேன். கடந்த ஆண்டுகளில் மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை எடுத்ததுண்டா என்ற கேள்வி வந்தது. "நெஞ்சுவலி என்று திருச்சியில் இரண்டு நாள் படுத்திருந்தேனே, அதையும் எழுத வேண்டுமா?" என்று கேட்டார். எழுதினால் கூடுதல் பரிசோதனை கேட்பார்கள், மார்ச் முடிந்துவிடும். "இல்லை" என்று எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

பதினான்காம் மாதம் அவர் இறந்துவிட்டார். பாலிசி தொடங்கி மூன்று ஆண்டுக்குள் இறப்பு நேர்ந்தால் விசாரணை உண்டு. விசாரணையில் மருத்துவமனைப் பதிவேடு வந்துவிட்டது. கேட்புத்தொகை மறுக்கப்பட்டது. அவர் மனைவி ஒரு மஞ்சள் பையோடு என் வீட்டு வாசலுக்கு வந்தார். பாலிசிப் பத்திரமும் ரசீதுகளும் அதில் இருந்தன. ரசீதுகளைத் தேதி வாரியாக அடுக்கி ஓரத்தில் நூலால் தைத்து வைத்திருந்தார். சத்தம் போடவில்லை. படிவத்தின் நகலைக் காட்டி, "இது உங்கள் கையெழுத்துத்தானே, நீங்கள் எழுதியதுதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். இருபது ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் கடை இருந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் மனம் அங்கேயே நின்றுவிடுகிறது.

அதற்குப் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுப் படிப்பேன், கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்திருக்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம், பழைய அறுவை சிகிச்சை, புகையிலை, எதுவும் விடாமல் எழுதுவேன். பிரீமியம் கூடுகிறது என்று கோபித்துக்கொண்டு வேறு முகவரிடம் போனவர்கள் உண்டு. போகட்டும். சர்க்கரையை எழுதிய ஒருவர் மூன்றே ஆண்டில் மாரடைப்பில் இறந்தார். அவர் மனைவிக்குப் பணம் வந்து சேர்ந்தது. மூன்று ஆண்டு கடந்துவிட்டால் எந்தக் காரணம் சொல்லியும் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது என்று காப்பீட்டுச் சட்டம் 45-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் மனிதன் மூன்று ஆண்டு இருந்துவிட்டுத்தான் இறப்பான் என்று யார் உத்தரவாதம் தர முடியும்?

கூலி கேட்க வாய் வராது என்று எழுதியிருக்கிறீர்கள். அது இங்கே குறை இல்லை. என் அனுபவத்தில் வாய் ஓயாமல் பேசுகிறவர்கள் பாலிசி போடுவார்கள், பொறுமையாகக் கேட்கிறவர்களிடம்தான் பாலிசி நிற்கும். ஆனால் ஒரே ஒரு இடத்தில் நீங்கள் மறுத்துப் பேசியே ஆக வேண்டும். "முதல் தவணையை நீயே கட்டிவிடு, உனக்குத்தான் கமிஷன் வருகிறதே" என்று சொந்தத்திலேயே கேட்பார்கள். கமிஷனில் பங்கு கொடுப்பது 41-ஆம் பிரிவின்படி குற்றம், பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. சட்டத்தை விடுங்கள், தன் பணத்தில் தொடங்காத பாலிசியை எவரும் இரண்டாம் ஆண்டு கட்ட மாட்டார்.

சேருவதற்கு முன் ஒரு நோட்டில் நாற்பது பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே, அவர் இரண்டாம் ஆண்டுப் பிரீமியத்தை எந்த மாதம், எந்தப் பணத்திலிருந்து கட்டுவார் என்று எழுதுங்கள். சீட்டு எடுத்தா, போனஸ் வந்தா, மாட்டை விற்றா என்று உங்களால் எழுத முடியாத பெயரை அடித்துவிடுங்கள். மிச்சம் எத்தனை என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எனக்கு ஒரு சந்தேகம். உங்கள் அண்ணன் எந்த நிறுவனத்தின் முகவர்? எல்ஐசி என்றால் நீங்கள் பீமா சகியில் சேர முடியாது. ஏற்கெனவே முகவராகவோ ஊழியராகவோ இருப்பவரின் கணவன், மனைவி, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகியோருக்கு அந்தத் திட்டத்தில் இடம் இல்லை. வந்த அதிகாரியிடம் அண்ணனைப் பற்றிச் சொன்னீர்களா?

பதில் 2: கோவையிலிருந்து, முன்னாள் முகவர்

அக்கா, மணப்பாறை ஐயா சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். ஆனால் நான் இந்தத் தொழிலை விட்டவள், அதனால் என் பக்கத்தையும் கேளுங்கள்.

நான் எல்ஐசி இல்லை, ஒரு தனியார் நிறுவனத்தில் 2021-இல் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். முதல் நாளே ஒரு தாளைக் கொடுத்து, தெரிந்தவர்கள் நூறு பேரின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் எழுதச் சொன்னார்கள். நான் பெருமையாக எழுதிக் கொடுத்தேன். பின்னால்தான் புரிந்தது, அந்தத் தாள்தான் அவர்களுக்கு வேண்டியது. அந்த நூறு பேர் தீர்ந்த பிறகு என்னை யாரும் கூப்பிடவில்லை.

என் சித்தப்பா பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மேலாளர் என்னோடு அவர் வீட்டுக்கு வந்து, வங்கி வைப்புத்தொகையைவிட நல்ல திட்டம் என்று பேசினார். சித்தப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். ஒரு முறை ஐம்பதாயிரம் கட்டினால் போதும் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஆண்டுதோறும் பத்து ஆண்டுக்குக் கட்ட வேண்டிய பாலிசி அது. எனக்கே அந்தத் திட்டம் சரியாகத் தெரியாது. அடுத்த ஆண்டு நினைவூட்டுக் கடிதம் வந்தபோது சித்தி போன் செய்தார். குறைந்தது இரண்டு ஆண்டுக்காவது பிரீமியம் கட்டியிருக்காததால் அந்த ஐம்பதாயிரத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. 2024 அக்டோபரிலிருந்து விதி மாறியிருக்கிறது, ஓர் ஆண்டுப் பிரீமியம் முழுதாகக் கட்டியிருந்தாலே நடுவில் பாலிசியை முறிக்கும்போது சரண்டர் தொகையாக ஓரளவு கிடைக்கும். சித்தப்பாவுக்கு அது உதவவில்லை. நான் மாதாமாதம் இரண்டாயிரமாகக் கொடுத்து அடைத்தேன். அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். ஆனால் கடைசித் தவணை கொடுத்த பிறகுதான் என்னால் அவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட முடிந்தது.

உங்கள் மாமியார் சொல்வதில் உண்மை இருக்கிறது அக்கா. சொந்தக்காரர்கள் கதவைச் சாத்துவது காப்பீட்டைக் கண்டு இல்லை, அவர்களுக்கு முன்னால் யாரோ ஒருவர் செய்துவிட்டுப் போனதைக் கண்டு. எந்தத் திட்டமானாலும், அதை வாங்குகிறவரே உங்களுக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும்: எத்தனை ஆண்டு கட்ட வேண்டும், நடுவில் நின்றால் என்ன ஆகும், எப்போது எவ்வளவு வரும். அவரால் சொல்ல முடியவில்லை என்றால் அன்று கையெழுத்து வாங்காதீர்கள். பத்திரம் கைக்கு வந்த பிறகும் 30 நாள் அவகாசம் இருக்கிறது, பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம். அதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

பதில் 3: நாமக்கல்லிலிருந்து

நான் முகவர் இல்லை. ஒரு முகவரால் என் வீடு நின்றது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் கணவர் லாரி ஓட்டுநர். 2023 ஜனவரியில் விபத்தில்லாமல், தூக்கத்திலேயே இறந்துவிட்டார். பாலிசி எதுவும் இல்லை என்றுதான் நினைத்திருந்தோம். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு முகவர் அம்மா துக்கம் விசாரிக்க வந்தார். என் கணவர் அவரிடம் பாலிசி எடுத்ததே இல்லை. இரண்டு முறை வேண்டாம் என்று அனுப்பியிருக்கிறார். அந்த அம்மா தண்ணீர் குடித்துவிட்டு, "தம்பியின் வங்கிப் புத்தகத்தைக் கொண்டு வா" என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். 2021-ஆம் ஆண்டுப் பக்கத்தில் 330 ரூபாய் கழிவு. அடுத்த ஆண்டு அதே காலத்தில் 436. "இருக்கிறது" என்றார். எனக்கு என்னவென்றே விளங்கவில்லை. பிரதம மந்திரி ஜீவன் ஜோதி காப்பீட்டுத் திட்டம், இரண்டு லட்சம் ரூபாய். கணக்குத் தொடங்கியபோது வங்கியில் நீட்டிய படிவத்தில் அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வீட்டில் சொல்லவில்லை, ஒருவேளை மறந்தும் போயிருப்பார்.

இறப்புச் சான்றிதழ் வாங்கியது, வங்கிக்கு மூன்று முறை நடந்தது, ஆதாரில் என் பெயரின் எழுத்து மாறியிருந்ததைச் சரி செய்தது, எல்லாவற்றுக்கும் அந்த அம்மா கூட வந்தார். அவருக்கு இதில் கமிஷன் ஒரு பைசா இல்லை. பணம் வந்ததும் ஒரு சேலை எடுத்துக் கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார். இன்று எங்கள் தெருவில் யாருக்குப் பாலிசி வேண்டுமென்றாலும் அவரிடம்தான் போகிறார்கள். நானும் என் பெயரில் ஒன்று எடுத்திருக்கிறேன்.

சகோதரி, நீங்கள் சேருங்கள். உங்கள் தெருவில் எத்தனை வங்கிப் புத்தகங்களில் அந்த 436 ரூபாய் யார் கண்ணிலும் படாமல் இருக்கிறதோ.

சுங்குடி வீடு, சின்னாளப்பட்டி

மூவருக்கும் நன்றி. பதில்களை என் கணவருக்கும் மாமியாருக்கும் படித்துக் காட்டினேன். நாமக்கல் அக்கா எழுதியதைக் கேட்டு மாமியார் எழுந்து போய் பீரோவிலிருந்து தன் வங்கிப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். அவருக்கு 436 இல்லை, வயது கடந்துவிட்டது. விபத்துக் காப்பீட்டுக்கான 20 ரூபாய் மட்டும் ஆண்டுதோறும் போய்க்கொண்டிருக்கிறது.

மணப்பாறை ஐயா, நீங்கள் கேட்டது சரி. அண்ணன் எல்ஐசி முகவர்தான். அதிகாரி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தெரியாது. குழுவில் ஒருத்தியிடம் இதைச் சொன்னேன். "அண்ணன் பழனியில், நீ இங்கே. ரேஷன் அட்டையும் வேறு. எழுதாமல் விட்டுவிடு, யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?" என்றாள். மூன்று ஆண்டுக்குச் சேர்த்தால் அந்த உதவித்தொகை 2,16,000 ரூபாய். பொய் சொல்ல மாட்டேன், அன்று இரவு அந்தக் கணக்கைப் பல முறை போட்டுப் பார்த்தேன். மகளின் கல்லூரிக் கட்டணம் அதில் இருந்தது. ஆனால் மஞ்சள் பையை மடித்துச் செருகிக்கொண்டு போனாரே, அந்த அம்மாவை மறக்க முடியவில்லை. ஊராரிடம் எதையும் மறைக்காமல் எழுதுங்கள் என்று சொல்லப் போகிற நான் என் முதல் படிவத்திலேயே மறைப்பதா? நேற்று அதிகாரிக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். அந்தத் திட்டம் கிடைக்காது, சாதாரண முகவராகச் சேரலாம் என்றார்.

நோட்டில் நாற்பது பெயர்களை எழுதினேன். ஜாக்கெட் தைக்க வருகிறவர்கள்தான் பாதிப் பேர். இரண்டாம் ஆண்டுப் பணம் எங்கிருந்து வரும் என்று எழுத ஆரம்பித்ததும் வேகமாகக் குறைந்துவிட்டது. இரண்டு ஆசிரியைகள், பால் சொசைட்டியில் வேலை பார்க்கும் ஒருவர், தறி வைத்திருக்கும் மூன்று குடும்பங்கள், இப்படி மிஞ்சியது பதினொரு பேர். சேரலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். காலையில் தையல், மதியம் மூன்று மணிக்கு மேல் வெளியே. கணவர் சரி என்றார். பதினொன்று போதுமா ஐயா?

மணப்பாறை முகவர்

முகவர் நியமனத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஆண்டுக்குப் பன்னிரண்டு பேராவது வேண்டும், எனவே ஒன்று குறைகிறது. அது பெரிய விஷயமில்லை, நல்லபடியாகச் செய்தால் அந்தப் பதினொரு பேரே ஆளைக் கொண்டுவருவார்கள். உங்கள் அண்ணன் பக்கத்தில் இருப்பது நல்லது. முதல் ஆறு மாதம் படிவங்களை அவரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள்.

ஒன்று கேட்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். சம்பாதிக்கிறவர் உங்கள் கணவர், பிள்ளைகள் இரண்டும் சிறியவை. அவர் பெயரில் டேர்ம் பாலிசி, அதாவது குறித்த காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் பாலிசி, இருக்கிறதா? டேர்ம் பாலிசியில் பிரீமியம் குறைவு, கமிஷனும் குறைவு, அதனால் முகவர்கள் அதைப் பற்றி அதிகம் பேச மாட்டார்கள். அந்தப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா?

சுங்குடி வீடு, சின்னாளப்பட்டி

இல்லை ஐயா. நாற்பதிலேயே அவர் பெயரை எழுதவில்லை, தோன்றவே இல்லை. நீங்கள் கேட்டதை இப்போதுதான் அவரிடம் சொன்னேன். சாயப்பட்டறைக் காற்றால் அவருக்கு இரண்டு வருடமாக விடாத இருமல், திண்டுக்கல்லில் எக்ஸ்ரே எடுத்த சீட்டு வீட்டில் இருக்கிறது. அதையும் எழுதித்தான் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். சீட்டைத் தேடிக்கொண்டிருக்கிறார்.